பெண் மேலாளரின் கீழ் வேலை செய்வது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

நீங்கள் கேட்டிருக்கும் தொனியைப் பார்த்தால், உங்கள் மேலாளர் அண்மையில் நாலு பேர் முன்னிலையில் உங்களைக் கண்டித்திருக்க வேண்டும். என் ஊகம் தவறென்றால் மன்னிக்கவும். இதே கேள்வியை இதே எரிச்சலோடு கேட்டவன் நான்.

நான்கு ஆண்டுகள் ஒரு பெண்மணியின் கீழ் பணியாற்றினேன். அறிக்கை ஒருநாள் தாமதமானாலும், "காரணம் வேண்டாம், தேதியைச் சொல்லுங்கள்" என்று ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்புவார். என் வரைவுகளை வரிக்கு வரி திருத்தித் திருப்பி அனுப்புவார். நான்காம் ஆண்டில், மேலாளர்களைப் பற்றி ஊழியர்கள் தம் பெயரைக் குறிப்பிடாமல் கருத்து எழுதும் படிவம் ஒன்று வந்தது. "திறமையில் குறையில்லை, ஆனால் அணுக முடியாத அளவுக்குக் கடுமையானவர், சற்றுக் கனிவு தேவை" என்று எழுதினேன். அதில் பொய் எதுவும் இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை, அவர் கடுமையானவர்தாம். சில மாதங்களில் அவர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். அந்த இடத்துக்கு என்னைப் பரிந்துரைத்தவரும் அவரே.

பொறுப்பேற்ற புதிதில் எதை எப்படி எழுதுவதென்று தெரியாமல், அவருடைய பழைய மின்னஞ்சல்களையே எடுத்து, பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். "காரணம் வேண்டாம்" என்ற வரியையும் விட்டுவைக்கவில்லை. அந்த ஆண்டு என்னைப் பற்றி வந்த படிவங்களில் "தெளிவானவர்", "சுற்றி வளைக்காதவர்" என்றெல்லாம் இருந்தன. எனக்குக் கனிவு தேவையென்று ஒருவரும் எழுதவில்லை. முதலில் பெருமைப்பட்டேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் பாராட்டு யாருடைய வரிகளுக்குக் கிடைத்தது என்பது உறைக்க இரண்டு நாளாயிற்று.

பெண்களிடம் நல்ல பெயர் வாங்குவதற்காக எழுதுகிறான் என்று சிலர் சொல்லக்கூடும். ஓர் அலுவலகத்தில் நடந்ததை வைத்துப் பொது விதி வகுக்க முடியாது என்பதும், இடையில் குழுவில் சிலர் மாறியிருந்தார்கள் என்பதும் உண்மையே. ஆனால் பிறகு ஆன் ஹாப்கின்ஸ் வழக்கைப் படித்தபோது என் படிவமே கண்முன் வந்தது. அமெரிக்காவின் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கணக்கியல் நிறுவனத்தில் 1982இல் பங்குதாரர் தகுதிக்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் அவர் ஒருவரே பெண். அவர் ஊழியர்களிடம் கடுமையாக நடப்பவர் என்பதை அவரை ஆதரித்தவர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். முடிவு ஒத்திவைக்கப்பட்டபோது அவருக்குக் கிடைத்த அறிவுரையோ, இன்னும் பெண்மையோடு நடக்கவும் பேசவும் உடுத்தவும், ஒப்பனை செய்துகொண்டு நகை அணியவும் வேண்டும் என்பது. பெண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைக் கொண்டு ஒருவரை எடைபோடுவதும் பாலினப் பாகுபாடே என்பதை 1989இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது. மேலாளரின் கடுமை உண்மையாக இருக்கும்போதே அவருக்கு இழைக்கப்படும் பாகுபாடும் உண்மையாக இருக்கலாம் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்தப் படிவங்களின் மேலும் எனக்கு ஆற்றாமை உண்டு. "குணநலன்" என்று ஒரு வெற்றுக் கட்டத்தைக் கொடுத்தால் யாரும் எதையும் எழுதிவிடலாம். எந்த நாள், என்ன நிகழ்ச்சி, அதனால் வேலை எப்படிப் பாதிக்கப்பட்டது என்று கேட்டிருந்தால் அன்று என்னால் ஒரு வரிகூட எழுதியிருக்க முடியாது.

உங்கள் மேலாளர் உண்மையிலேயே உங்களை இழிவுபடுத்துகிறார் என்றால் முறையிடுங்கள். பெண் என்பதற்காகப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அதற்குமுன், அவர் சொன்னதை அப்படியே எழுதிவைத்து, அவருக்கு முன்பு அந்த இருக்கையில் இருந்த ஆண் அதைச் சொல்லியிருந்தால் நீங்கள் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சென்ற ஆண்டு அவரைத் தொலைபேசியில் அழைத்து, அந்தக் கருத்தை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். "படித்த அன்றே தெரியும். நான்கு ஆண்டுகள் உங்கள் வரைவுகளைத் திருத்தியவளுக்கு உங்கள் நடை தெரியாதா?" என்றார்.