அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: வீட்டுச் சாமான் கேள்வி-பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு. கல்யாணமான புதிதில் ஆன்லைனில் 399 வெள்ளிக்கு ஒரு டிவி கேபினட் வாங்கினோம். படத்தில் தேக்கு மாதிரி அழகாக இருந்தது, விளக்கத்திலும் 'முழு மரம்' என்றே போட்டிருந்தார்கள். எட்டு மாதத்தில் கீழ்ப்பக்கம் பாலில் ஊறிய ரொட்டி போல உப்பிவிட்டது. கேட்டால் தண்ணீர் பட்டதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். இதை என்ன செய்வது? அடுத்து வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: தங்கச்சி, உப்பியது மரமே இல்லை. மரச் சில்லுகளையும் தூளையும் பசை போட்டு அழுத்திய சிப்போர்டு அது, மேலே தேக்கு ரேகை அச்சடித்த தாளை ஒட்டியிருப்பார்கள். தாள் மூடியிருக்கிற இடத்தில் தண்ணீர் சீக்கிரம் ஒன்றும் செய்யாது. ஆனால் தரையைத் தொடுகிற வெட்டு விளிம்பில் பெரும்பாலும் எதையுமே ஒட்ட மாட்டார்கள், தினமும் மாப் போடுகிற நம் வீடுகளில் ஈரம் ஏறுவது அந்த விளிம்பு வழியாகத்தான். ஒருமுறை உப்பினால் காய்ந்த பிறகும் பழையபடி அமுங்காது.

கடைக்குப் போனால் கேபினட்டுக்கு முன்னால் நின்று பார்த்தது போதாது, இழுப்பறையை முழுசாக வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள், குனிந்து அடியையும் பின்பக்கத்தையும் பாருங்கள். முன்பக்கம் விற்பதற்காகச் செய்தது, உண்மை தெரிவது பின்பக்கத்தில். ஸ்க்ரூ போட்ட ஓட்டையின் வாயில் ரொட்டித்தூள் மாதிரி உதிர்ந்தால் சிப்போர்டு. வழவழப்பாக, பழுப்பு நிறத்தில், ரேகையே இல்லாமல் இருந்தால் மர நாரைப் பசை போட்டு அழுத்திய எம்.டி.எஃப். விளிம்பில் அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட். மேலே ஓடுகிற ரேகை விளிம்பிலும் அறுபடாமல் தொடர்ந்து, வெட்டு முகத்தில் வளைந்த கோடுகளாகத் தெரிந்தால்தான் முழு மரம்.

சில பலகைகளில் இரண்டு கை விரல்களைக் கோத்தது போல நெளிநெளியான இணைப்பு தெரியும். அதைப் பார்த்துப் போலி என்று பலர் விலகிப் போகிறார்கள். வேண்டாம், அதுவும் முழு மரம்தான், நம் ஊரில் பெரும்பாலும் ரப்பர் மரம். பால்மரம் ஏறத்தாழ 25 வயதாகிப் பால் குறைந்ததும் வெட்டிவிடுவார்கள், ஒரு காலத்தில் அது விறகுக்குத்தான் போகும். பச்சையாக இருக்கும்போது பூஞ்சணமும் வண்டும் உடனே ஏறிவிடும் என்பதால் யாரும் அதை மேசை நாற்காலிக்கு மதித்ததில்லை. அறுத்த கையோடு போரான் மருந்தேற்றி, சூளையில் உலர்த்துகிற முறை வந்த பிறகு நிலைமை மாறியது, இன்று மலேசிய அறைகலன் ஏற்றுமதிக்கு முதுகெலும்பே இந்த மரம்தான். என் அம்மா கெடாவில் விடியற்காலை இருட்டில் தலைவிளக்கோடு போய்ப் பால் வெட்டியவர், அதனால் ரப்பர் மர மேசையை மட்டமான மரம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. உங்கள் பட்ஜெட்டுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். ஈரத்தில் ஊற விடாதீர்கள், வெளியே மழையில் போடாதீர்கள், மற்றபடி பல வருஷம் உழைக்கும்.

இனி பணத்துக்கு வருவோம். 'முழு மரம்' என்று எழுதிவிட்டுச் சிப்போர்டு அனுப்பியது தண்ணீர் பட்ட விவகாரமே இல்லை, சொன்ன பொருள் வரவில்லை என்கிற விவகாரம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள் விளக்கத்துக்குப் பொருந்த வேண்டும், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று எழுதி ஒட்டுவதால் அந்த உரிமை போய்விடாது. விற்பனைப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்கு முன் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், உப்பிய விளிம்பைக் கிட்டத்தில் படம் எடுங்கள், ரசீதையும் விற்றவரோடு செய்த அரட்டையையும் சேர்த்து வையுங்கள். எழுத்து மூலமாகக் கேட்டும் மசியவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். இணையம் வழியாகவும் போடலாம். 399 வெள்ளிக்கு இவ்வளவா என்று நினைக்காதீர்கள், இப்படிச் சின்னத் தொகைகளுக்காக ஏற்பட்ட மன்றம்தான் அது.

வழக்கு முடியும் வரை கேபினட்டை அப்படியே வையுங்கள், அது சாட்சி. அப்புறம் தூக்கிப் போட வேண்டியதில்லை. உப்பிய ஒரு அங்குலத்தை ரம்பத்தால் அறுத்துவிட்டு, வெட்டு முகத்தில் வார்னிஷ் மூன்று பூச்சுக் கொடுத்து, அடியில் 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரக் கால்கள் நான்கு வைத்தால் மாப் தண்ணீர் எட்டாது. சிப்போர்டில் ஸ்க்ரூ நிற்காது, ஊடுருவிப் போகிற போல்ட்டும் வாஷரும் போடுங்கள்.


கேள்வி: பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பழைய வளைமர நாற்காலி இரண்டு, ஜோடி 160 வெள்ளிக்குக் கேட்கிறார்கள். பிரம்புப் பின்னல் கிழிந்திருக்கிறது. வாங்கலாமா, நானே பின்னலைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: மரம் உளுக்காமல் இருந்தால் வாங்குங்கள் தம்பி. இந்த வடிவத்தின் கதை பெரியது. மைக்கேல் தோனெட் என்பவர் பீச் மரக் கம்பிகளை நீராவியில் வேகவைத்து வளைத்து, 1859இல் 14ஆம் எண் நாற்காலியைக் கொண்டுவந்தார். ஆறு மரத் துண்டுகள், பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்டு, அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலி போகும். பிரித்து அனுப்பி, வாங்கியவர் பூட்டிக்கொள்கிற வேலை இப்போது பத்து காவான் ஐக்கியாவில் நாம் வாங்கி வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்னாலேயே நடந்திருக்கிறது பாருங்கள். நம் கோப்பிக் கடைகளின் பழைய வளைமர நாற்காலிகளும் அந்த வழி வந்தவைதான்.

கவிழ்த்துப் பாருங்கள். கால் சேருகிற இடத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் அதன் கீழே மாவு மாதிரித் தூளும் இருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம், அதை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள், மற்ற சாமானுக்கும் பரவும். ஓட்டை இருந்து, தூள் இல்லாமல், நிறம் கறுத்திருந்தால் பழைய சேதமாக இருக்கலாம். நாற்காலியைத் தட்டி, கீழே வெள்ளைத் தாள் விரித்து இரண்டு நாள் வைத்தால் தெரிந்துவிடும், சந்தையில் அதற்கு வழியில்லை என்பதால் தூள் கொட்டுகிறதா என்று அங்கேயே நாலு தட்டுத் தட்டிப் பாருங்கள்.

அடுத்து இருக்கைச் சட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள். சுற்றிலும் வரிசையாகச் சின்னத் துளைகள் இருந்தால் கையால் இழை இழையாகப் பின்னியது, பழக்கமில்லாதவருக்கு அது பல நாள் வேலை, கைதேர்ந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். துளை இல்லாமல் ஒரு பள்ளமும் அதில் அழுத்திய பிரம்புக் கயிறும் இருந்தால் உங்களாலேயே முடியும், அதற்கு மீட்டர் கணக்கில் விற்கிற ஆயத்தப் பின்னல் போதும்.

பழைய கயிற்றின் மேல் சுடுதண்ணீரும் வினிகரும் கலந்து துணியால் ஒற்றி ஒற்றி ஊற வைத்தால் பசை இளகும், மெல்லிய உளியால் நெம்பி எடுங்கள், பள்ளத்தில் ஒரு துணுக்குப் பழைய பசைகூட இருக்கக்கூடாது. புதுப் பின்னலை, பள்ளத்தைத் தாண்டி நாலு பக்கமும் ஒரு அங்குலத்துக்கு மேல் இருக்கிற மாதிரி வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப் போடுங்கள். இந்த ஊறல்தான் முக்கியம். நான் முதல் தடவை அவசரத்தில் காய்ந்த பின்னலையே இழுத்து மாட்டினேன், அன்று விறைப்பாகத்தான் இருந்தது, ஒரு மாதத்தில் நடுவில் குழி விழுந்துவிட்டது. ஈரத்தில் தளர்ந்து, சட்டத்துக்குள் மாட்டிய பிறகு காயும்போதுதான் பிரம்பு மேளத் தோல் மாதிரி இறுகும். பளபளப்பான முகம் மேலே இருக்கட்டும். மரத் துணி கிளிப்பைப் பிரித்தால் கிடைக்கிற ஆப்பைப் பின்பக்க நடுவில் அடித்து இறக்குங்கள், அடுத்தது எதிரே முன்பக்க நடுவில், பிறகு இரு பக்கம், மூலைகள் கடைசியில். பள்ளத்தின் வெளி ஓரத்தோடு மிச்சத்தை வெட்டி, மரப்பசை விட்டு, ஊறிய கயிற்றை மரச் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். இரண்டு நாள் யாரையும் உட்கார விடாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அலமாரி மேல் ஏற்றி வைத்துவிடுங்கள்.

பின்னல் வாங்கும்போது ஒரு துண்டு கேட்டு வாங்கித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நிறம் மாறி இளகினால் பிரம்பு. எதுவும் மாறாமல் அப்படியே இருந்தால் பிளாஸ்டிக், அது பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் காய்ந்து இறுகாது.


கேள்வி: பழைய பூப்போட்ட தரை ஓடுகள் 12 கிடைக்கின்றன. மேசைக்குப் பதிக்க ஆசை. அசல்தானா என்று எப்படித் தெரியும்?

பதில்: பினாங்கில் பலர் பெரானாக்கான் ஓடு என்று ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருளை விற்கிறார்கள். தரையில் இருப்பது சிமெண்ட் ஓடு, சூளையில் சுட்டதே இல்லை. அச்சில் நிறச் சிமெண்டை ஊற்றி, பின்னால் மணல் சிமெண்ட் போட்டு அழுத்தியது. அதனால் நிறம் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு உள்ளேயே இருக்கும், உடைந்த மூலையில் அந்தப் பட்டை கண்ணுக்குத் தெரியும், மேலே கண்ணாடிப் பளபளப்பு இருக்காது. உடைந்த இடத்தில் பூ மேலே தோல் மாதிரி மட்டும் இருந்தால் அச்சடித்த புதுப் பீங்கான் ஓடு. சுவரில், கடைவீட்டு முகப்பில், பூ மேடாகப் புடைத்துப் பளபளப்பது மஜோலிகா, அது சுட்டது.

சாப்பாட்டு மேசைக்குச் சிமெண்ட் ஓட்டை நான் சொல்ல மாட்டேன். புளியும் எலுமிச்சையும் சிமெண்டை அரிக்கும், மஞ்சள் பட்டால் கறை இறங்கிவிடும். சிமெண்டுக்குள் ஊறுகிற சீலர் இரண்டு தடவை பூசினால் பூச்சட்டி வைக்கிற மேசைக்கு, வாசல் திண்ணைக்கு அருமை. 20 சென்டிமீட்டர் சதுர ஓடு ஒன்றே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும், 12 ஓட்டுக்குக் கால் பலமாக வேண்டும், அடிப்பலகை பிளைவுட்டாக இருக்கட்டும். மஜோலிகாவின் பழைய மெருகில் ஈயம் இருக்கலாம், அதன்மேல் உணவு நேரடியாகப் படக்கூடாது.

ஒன்று கேட்காமல் வாங்காதீர்கள்: எந்த வீட்டிலிருந்து வந்தது? ஜார்ஜ்டவுன் 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நகரம். ஐந்தடி நடைபாதையிலும் முகப்பிலும் இருக்கிற ஓட்டை ஒருவர் பெயர்த்து எடுத்தால் தெருவுக்கே பல்லுப் போன மாதிரி ஆகிவிடும். வீடு இடிந்து சட்டப்படி கழித்த ஓடு என்று விற்பவர் முகம் பார்த்துச் சொன்னால் வாங்குங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள்.


கேள்வி: கிள்ளான் பக்கம் தொழிற்சாலையில் வேலை. சரக்கு அடுக்கிக் கழித்துப் போட்ட மரப் பேலட்டுகளைச் சும்மா தருகிறார்கள். குழந்தைக்குக் கட்டில் செய்யலாமா?

பதில்: பக்கவாட்டில் சூடு போட்ட முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர்ச் சின்னம், நாட்டுக் குறி, பிறகு எழுத்து. எச்.டி. என்று இருந்தால் மரத்தின் உள்வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது, அது சரி. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாவிட்டாலும், எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருந்தாலும் வேண்டாம், அது எதைச் சுமந்தது என்று யாருக்கும் தெரியாது. எச்.டி. பேலட்டிலும் குழந்தைக் கட்டிலுக்குப் பதில் பூச்செடி அலமாரி செய்யுங்கள் தம்பி. ஆணி முறிந்து உள்ளே நிற்கும், எவ்வளவு உப்புத்தாள் போட்டாலும் சிம்பு எழும்பும்.


கேள்வி: பாட்டியின் பித்தளைக் குடம் இருக்கிறது. அதை மேசை விளக்காக மாற்றலாமா? இணையத்தில் நிறைய வீடியோ பார்த்தேன்.

பதில்: அந்த வீடியோக்களில் பலர் இரண்டு கம்பி ஒயரைக் குடத்துக்குள் விட்டு முடித்துவிடுகிறார்கள், அதைப் பார்த்தாலே எனக்குப் பதறுகிறது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஒயரின் உறை எங்காவது உரசிக் கிழிந்தால் குடம் முழுக்க மின்சாரம் நிற்கும், தூசி துடைக்க யார் கை வைத்தாலும் ஆபத்து. உலோக உடம்புக்கு மூன்று கம்பி ஒயர் வேண்டும், பச்சை மஞ்சள் எர்த் கம்பியைக் குடத்தோடு ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும், ஒயர் நுழைகிற ஓட்டையில் ரப்பர் வளையம் வேண்டும், பிளக்குக்குள் 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போட வேண்டும். பிளக்கிலும் ஹோல்டரிலும் சிரிம் தரச்சான்று லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். முடித்ததும் தெரிந்த வயர்மேன் ஒருவரிடம் காட்டிச் சோதித்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

ஆனால் எனக்கென்னவோ பாட்டியின் குடத்தில் ஓட்டை போட மனம் வரவில்லை. பேட்டரியில் எரிகிற சின்ன எல்.இ.டி. விளக்குச் சரத்தை உள்ளே போட்டு, வாய் வழியாக வெளிச்சம் சுவரில் விழுகிற மாதிரி லேசாகச் சாய்த்து வைத்துப் பாருங்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த பித்தளையில் அந்த வெளிச்சம் பட்டால் மஞ்சள் இன்னும் ஆழமாகத் தெரியும், நாளைக்கு உங்கள் மகளுக்குப் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் தண்ணீர் பிடித்து வைக்கவும் குடம் குடமாகவே இருக்கும்.