முதலில் மாதம், அப்புறம் ஊர்: வாசகர்களின் பயணக் கேள்விகள்

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சேர்ந்து லீவு கிடைப்பது ஜூன், ஜூலையில்தான். எந்த ஊரைக் கேட்டாலும் மழை என்கிறார்கள், இல்லாவிட்டால் கூட்டம் என்கிறார்கள். அந்த மாதங்களில் போக உருப்படியான இடமே இல்லையா?

பதில்: நிறைய இருக்கிறது. பெரும்பாலானவர்கள் ஊரை முதலில் முடிவு பண்ணிவிட்டு, அப்புறம் அதற்குள் தங்கள் லீவைத் திணிக்கப் பார்க்கிறார்கள், சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. லீவு நம் கையில் இல்லையென்றால் மாதத்தை முன்னால் வையுங்கள், அந்த மாதத்தில் எந்த ஊர் தன் நல்ல முகத்தைக் காட்டும் என்று தேடுங்கள். ஒரே நாட்டுக்குள்ளேயே இது மாறும். இலங்கையில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்கு, தெற்குக் கரைகளை நனைத்துக்கொண்டிருக்கும், காலி என்ற ஊரின் பக்கம் கடல் கொந்தளிக்கும். ஆனால் அதே நாட்களில் கிழக்கே திருகோணமலையிலும் நிலாவெளியிலும் நல்ல வெயில், கடலும் அமைதி. மலேசியாவிலும் இதே கதைதான். கிழக்குக் கரையில் இருக்கும் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் நவம்பருக்கு அப்புறம் மழையும் காற்றும் பலமாகி, பல ரிசார்ட்களை மூடியே விடுவார்கள். அங்கே போக ஜூன், ஜூலைதான் நேரம்.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது, வாழ்நாளில் ஒரு பெரிய பயணம் போக வேண்டும் என்றால் நான் சொல்வது ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டின் ஒகவாங்கோ டெல்டா. அங்கோலாவின் மேட்டு நிலத்தில் வருஷத் தொடக்கத்தில் பெய்யும் மழை, ஆறாகத் தெற்கே இறங்கி, களஹாரி மணலில் வந்து விரிந்து பரவுகிறது. இந்த ஆறு எந்தக் கடலிலும் போய்ச் சேர்வதில்லை, மணலிலேயே முடிந்துவிடுகிறது. தண்ணீர் அவ்வளவு தூரம் வந்து சேர மாதக்கணக்கில் ஆவதால், டெல்டா நிரம்பி நிற்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதாவது அந்த ஊரில் ஒரு துளி மழையும் இல்லாத வறட்சிக் காலத்தில். சுற்றுவட்டாரமெல்லாம் காய்ந்து கிடக்கும்போது இங்கே மட்டும் தண்ணீர் இருந்தால் யானை, காட்டெருமை, சிங்கம் எல்லாம் வேறு எங்கே போகும்? மொகோரோ என்று ஒரு ஒடுக்கமான தோணி. பின்னால் ஒருவர் நின்றுகொண்டு நீளமான கழியை ஊன்றித் தள்ளுவார். நீங்கள் காலை நீட்டித் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பீர்கள், நாணல் தோளை உரசிக்கொண்டு போகும், அல்லி இலையில் உட்கார்ந்திருக்கும் விரல் நகம் அளவுத் தவளைகூட முகத்துக்கு நேரே தெரியும். மோட்டார் சத்தம் கிடையாது. டெல்டாவுக்குள் இருக்கும் விடுதிகள் மிக விலை கூடியவை. மவுன் என்ற ஊரில் தங்கி அங்கிருந்து ஒரு நாள் தோணிப் பயணம் போய் வந்தால் செலவு வெகுவாகக் குறையும். ஒன்றே ஒன்று, ஆப்பிரிக்காதானே என்று மெல்லிய துணியாக எடுத்துப் போகாதீர்கள். அது அங்கே குளிர்காலம், விடியற்காலையில் திறந்த ஜீப்பில் போகும்போது பல் கிட்டும்.

கேள்வி: ஐஸ்லாந்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம். எரிமலை வெடித்தது என்று செய்தியைப் பார்க்கிறபோதெல்லாம் வீட்டில் ‘கேன்சல் பண்ணு’ என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: செய்தியைப் பார்த்ததும் முதலில் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். 2021 முதல் அங்கே எரிமலைச் சீற்றம் நடப்பது ரெய்க்யானெஸ் என்ற தீபகற்பத்தில். கிரிண்டாவிக் என்ற மீனவர் ஊரை 2023 நவம்பரில் காலி செய்ய வைத்தார்கள், அந்த மக்களுக்கு அது உண்மையிலேயே பெரிய துயரம். பக்கத்தில் இருக்கும் ப்ளூ லகூன் வெந்நீர்க் குளமும் பலமுறை மூடித் திறக்கப்பட்டது. ஆனால் நாட்டின் மற்ற பகுதிகளில், அருவிகளும் பனிப்பாறைகளும் இருக்கும் தெற்குக் கரையிலும் வடக்கிலும், வழக்கம்போல் பயணிகள் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

எல்லோர் மனதிலும் இருப்பது 2010 ஏப்ரல். எயாஃபியாட்லயோகுட்ல் எரிமலையால் ஐரோப்பா முழுக்க விமானங்கள் நின்றுபோயின. அது வேறு வகை. அந்த எரிமலை பனிப்பாறைக்கு அடியில் இருந்தது, கொதிக்கும் குழம்பு பனி உருகிய தண்ணீரில் பட்டு, பொடிப்பொடியாகச் சிதறி, சாம்பலாக உயரே போய்விட்டது. விமான இன்ஜினுக்கு எமன் அந்தச் சாம்பல்தான். ரெய்க்யானெஸில் பெரும்பாலும் தரை பிளந்து குழம்பு வழிகிறது, சாம்பல் குறைவு. அதனால் பதறி ரத்து செய்ய வேண்டாம். ஐஸ்லாந்து வானிலைத் துறையின் அறிவிப்பையும் உங்கள் நாட்டு அரசின் பயண அறிவுரையையும் மட்டும் நம்புங்கள். மூடிய சாலைக்குள் போட்டோவுக்காக நுழையாதீர்கள்.

இதோடு இன்சூரன்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். எரிமலையோ புயலோ செய்தியில் வந்த பிறகு வாங்கும் பாலிசி பெரும்பாலும் அந்தச் சம்பவத்துக்குப் பணம் தராது, ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்று தள்ளிவிடுவார்கள். டிக்கெட் எடுத்த அன்றே பாலிசியையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வெனிஸுக்குள் நுழையவே கட்டணமாமே?

பதில்: ஆமாம், ஆனால் எல்லோருக்கும் இல்லை, எல்லா நாளும் இல்லை. 2024 ஏப்ரல் 25-ல் ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் 29 நாள், 2025-ல் 54 நாள், பெரும்பாலும் வசந்தகால, கோடைக்கால வார இறுதிகள். காலை எட்டரையிலிருந்து மாலை நாலு மணிக்குள் பழைய நகரத்துக்குள் வருகிற பகல்நேரப் பயணிகளுக்கு மட்டும். முன்கூட்டியே கட்டினால் 5 யூரோ, 2025 முதல் கடைசி நேரத்தில் கட்டினால் 10. நாட்கள் வருஷத்துக்கு வருஷம் மாறும் என்பதால் நகராட்சியின் இணையதளத்தில் உங்கள் தேதியைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயே இரவு தங்குகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை, விலக்கு என்று பதிவு மட்டும் செய்ய வேண்டும்.

என் யோசனை, ஒரு ராத்திரியாவது தங்குங்கள். சாயங்காலம் பகல் கூட்டம் ரயில் ஏறிப் போன பிறகு அந்த ஊரில் நடந்து பாருங்கள், தெரு தெருவாக வழி தவறலாம், யாரும் இடிக்க மாட்டார்கள். மறுநாள் காலையில் படகு பஸ் பிடித்து பக்கத்துத் தீவுகளான புரானோவையும் தொர்செல்லோவையும் பார்த்துவிட்டு வாருங்கள். தொர்செல்லோவில் இன்று வசிப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஆனால் அங்கிருக்கும் பழைய பேராலயத்தின் பின்சுவர் முழுக்க இறுதித் தீர்ப்பு மொசைக். கீழ் மூலையில் தனித்தனிக் கட்டங்களில் மண்டையோடுகளும் அவற்றின் கண்குழிக்குள் நெளியும் பாம்புகளும். அதன் முன்னால் நேரம் எடுத்துக்கொண்டு நில்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எழுபது வயதைத் தாண்டிவிட்டது. பெரு நாட்டின் மச்சு பிச்சு பார்க்க வேண்டும் என்று அப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசை. கூட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: இதயம், நுரையீரல் தொடர்பாக அவர்களைப் பார்க்கும் மருத்துவர் சரி என்றால் போகலாம், ஆனால் எந்த வரிசையில் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மச்சு பிச்சு சுமார் 2,430 மீட்டர் உயரம். எல்லோரும் விமானத்தில் போய் இறங்கும் குஸ்கோ 3,400 மீட்டர். அதாவது ஆளை அடிப்பது மச்சு பிச்சு இல்லை, குஸ்கோதான். கடல் மட்டத்திலிருந்து புறப்பட்டு அரை நாளில் அந்த உயரத்தில் இறங்கினால் இளவட்டங்களுக்கே தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வரும். எனவே விமான நிலையத்திலிருந்து நேராக வண்டி வைத்து, கீழே புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். அங்கிருக்கும் ஒல்லாந்தாய்தாம்போ என்ற ஊர் சுமார் 2,800 மீட்டர்தான். அங்கே இரண்டு ராத்திரி தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு, அங்கிருந்தே ரயிலில் மச்சு பிச்சு அடிவாரத்துக்குப் போய் வாருங்கள். குஸ்கோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். நுழைவுச்சீட்டுக்குத் தினசரி உச்சவரம்பு உண்டு, எந்தப் பாதையில் நடக்கிறோம் என்பதும் சீட்டிலேயே வரும், ஆகவே படி குறைவான பாதையாகப் பார்த்து முன்கூட்டியே எடுங்கள்.

மருத்துவர் வேண்டாம் என்றுவிட்டால் அப்பாவை வற்புறுத்தி அழைத்துப் போகாதீர்கள். மலை பார்க்கும் ஆசையை சுவிட்சர்லாந்தின் லாட்டர்புருன்னென் பள்ளத்தாக்கு தீர்த்து வைக்கும். அது 800 மீட்டர்தான், அறை ஜன்னலிலிருந்தே அருவி தெரியும், வீல்சேர் ஏறுகிற ரயில்கள் பல. ஆனால் அங்கேயும் யுங்ஃப்ராவ்யோக் உச்சிக்கு மட்டும் யோசித்துப் போங்கள், ரயில் ஏற்றிவிடும் உயரம் 3,454 மீட்டர்.

கேள்வி: ஒரே பயணத்தை நடுவில் பிரித்து, இரண்டு நிறுவனங்களில் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் விமானச் செலவு பாதியாகிறதே, எடுக்கலாமா?

பதில்: முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, அந்த டிக்கெட் போனது போனதுதான். நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டி வரும், அதற்கு இமிக்ரேஷனைத் தாண்டி வெளியே வர வேண்டும், அந்த நாட்டு விசா இல்லாவிட்டால் முதல் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். இடையில் ஒரு ராத்திரி தங்கிப் போவதாக இருந்தால், விசாவும் இருந்தால், சரி.

கேள்வி: பார்சிலோனாவில் சுற்றுலாப் பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சினார்கள் என்று படித்தேன். நம்மை வேண்டாம் என்கிற ஊருக்குப் போவது சரிதானா?

பதில்: நல்ல கேள்வி. 2024 ஜூலையில் நடந்தது அது. அந்த மக்களின் கோபத்துக்குக் காரணம் வாடகை. குடியிருப்பு வீடுகள் ஒவ்வொன்றாகச் சுற்றுலா வாடகைக்குப் போய்விட, அந்த ஊரில் பிறந்தவர்களுக்கே வீடு கிடைக்கவில்லை. 2028 நவம்பருக்குள் சுமார் 10,000 சுற்றுலா வீடுகளின் உரிமத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று நகராட்சி அறிவித்திருக்கிறது. ஆக, போவதே தப்பில்லை. யாரோ குடியிருக்க வேண்டிய வீட்டை எடுக்காமல் ஹோட்டலில் தங்குங்கள், கோடையை விட்டு நவம்பரிலோ பிப்ரவரியிலோ போங்கள், நாலைந்து நாள் இருங்கள். கப்பலில் வந்து நாலு மணி நேரம் சுற்றிவிட்டுப் போகிறவரால் ஊருக்கு வருமானமும் சொற்பம், நெரிசல் மட்டும்தான் மிச்சம்.

கொஞ்ச நாள் விட்டுவிட்டால் ஒரு இடம் எப்படித் தேறும் என்பதற்கு தாய்லாந்தின் மாயா பே கடற்கரையைச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர் வரை வந்து இறங்கி, படகுகளின் நங்கூரம் பவளத்தை உடைத்து நாசமாக்கியதால் 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இந்த இடைவெளியில் பவளத்தை நட்டு வளர்த்தார்கள், கருந்துடுப்புச் சுறாக் குட்டிகள் கரையோரம் திரும்பி வந்தன. இப்போது படகு வளைகுடாவுக்குள் நுழையக் கூடாது, தீவின் பின்பக்கம் இறங்கி மரப்பாதையில் நடந்து வர வேண்டும், நீந்த அனுமதி இல்லை, வருஷா வருஷம் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடிவிடுகிறார்கள். இதைக் கேட்டு ‘நீந்த விடாத கடற்கரைக்கு ஏன் போக வேண்டும்’ என்று சலித்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தத் தடை இருப்பதால்தான் பார்க்க அங்கே ஏதோ மிச்சம் இருக்கிறது.

கேள்வி: ஐரோப்பா எல்லையில் புது நடைமுறை வந்திருக்கிறதாமே, நாம் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் 2025 அக்டோபர் 12 முதல் இதைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதில் முகப் படமும் கைரேகையும் எடுத்துப் பதிவு செய்கிறார்கள். இந்தப் பதிவுக்காக நீங்கள் முன்கூட்டிச் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, கட்டணமும் இல்லை. பணம் கட்டிப் பதிவு செய்து தருகிறோம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். முதல் தடவை வரிசை நீளும், அதனால் ஐரோப்பாவில் இறங்கி உடனே மாறும் விமானம் இருந்தால் இடைவெளி தாராளமாக வையுங்கள். 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கை இனி கம்ப்யூட்டரே போடும், ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும். பாஸ்போர்ட் நீங்கள் ஷெங்கனை விட்டுக் கிளம்பும் தேதிக்கு அப்புறம் மூன்று மாதமாவது செல்ல வேண்டும், ஷெங்கனுக்கு வெளியே பல நாடுகள் ஆறு மாதம் கேட்கின்றன.

கேள்வி: 2027-ல் பெரிய சூரிய கிரகணம் வருகிறது என்கிறார்கள். பார்க்க எங்கே போகலாம்?

பதில்: ஆகஸ்ட் 2. எகிப்தின் லக்சர் பக்கம் ஆறு நிமிடத்துக்கு மேல் சூரியன் முழுதாக மறையும், அங்கே ஆகஸ்டில் மேகம் என்பதே அபூர்வம். வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள், வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தாங்காது. அவர்களோடு போவதென்றால் தென் ஸ்பெயினில் காடிஸ், தரிஃபா பக்கம் கடற்காற்றாவது உண்டு, மறையும் நேரம்தான் குறைவு. அறை எடுக்கும்போது அந்த ஊர் முழு மறைப்புப் பாதைக்குள் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பாதைக்கு வெளியே 99 சதவீதம் மறைந்தாலும் பகல் பகலாகத்தான் இருக்கும். எகிப்து போனால் கெய்ரோவை ஒட்டிய கீசாவில் 2025 நவம்பரில் முழுமையாகத் திறந்த கிராண்ட் எகிப்தியன் மியூசியத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், துட்டன்காமுனின் கல்லறைப் பொருட்கள் ஐயாயிரத்துக்கும் மேல் ஒரே இடத்தில் இருக்கின்றன. லக்சரில் அறைகள் வேகமாகப் போய்க்கொண்டிருப்பதால் இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு இப்போதே எடுத்து வையுங்கள். தரமான கிரகணக் கண்ணாடியை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். முழுதாக மறைந்த அந்தச் சில நிமிடங்கள் மட்டும் அதைக் கழற்றலாம், விளிம்பில் வெளிச்சம் எட்டிப்பார்த்ததும் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.