வகுப்பறை கேள்வி – பதில்: அதே நாலு பேர்தான் கை தூக்குகிறார்களா?

கேள்வி: ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 42 பேர். எதைக் கேட்டாலும் முன்பெஞ்சில் அதே நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள். மற்றவர்களை எழுப்பினால் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, வியாசர்பாடி

கை தூக்கச் சொல்வதையே நிறுத்திப் பாருங்கள். தெரியாதவர்கள் ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. ஐஸ் குச்சிகளில் ஆளுக்கொரு வரிசை எண் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். கேள்வியைக் கேளுங்கள், மனதுக்குள் மூன்று விநாடி எண்ணுங்கள், அப்புறம்தான் குச்சியை எடுக்க வேண்டும். பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் மீதி 41 பேருக்கும் யோசிக்கிற வேலை இல்லை. எடுத்த குச்சியைத் திரும்ப டப்பாவிலேயே போடுங்கள். வெளியே வைத்தால், ‘நம்ம முறை முடிஞ்சுது’ என்று பதில் சொன்ன பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிவிடும்.

அந்த மூன்று விநாடி சும்மா சொன்னதல்ல. அமெரிக்காவில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்புகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சுமார் ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்றாக நீட்டியதும் பதில்கள் நீளமாயின, வாய் திறக்காதவர்கள் குறைந்தார்கள்.

‘தெரியல டீச்சர்’ என்றால் திட்டாதீர்கள், அதற்காக விட்டுவிடவும் வேண்டாம். இன்னும் இருவரைக் கேட்டுவிட்டு அதே பிள்ளையிடம் வாருங்கள்: “அவங்க சொன்னதுல எது சரின்னு தோணுது? ஏன்?”

வாரத்தில் இரண்டு நாள் எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுத வையுங்கள். சிலேட்டு இல்லையென்றால், கண்ணாடி போன்ற ஃபைல் கவருக்குள் வெள்ளைத் தாள் செருகி, ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதலாம். துடைக்கப் பழைய துணி போதும். உடனே துடைக்காவிட்டால் கறை பிடிக்கும். 1/2 + 1/3 கேளுங்கள். ‘காட்டு’ என்று சொல்லும்வரை யாரும் திருப்பக் கூடாது, இல்லையென்றால் பக்கத்தைப் பார்த்து அழித்து எழுதுவார்கள். 2/5 என்று பல கைகள் எழுந்தால், மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டுகிறார்கள் என்று அர்த்தம். பாதிப் பேருக்கு மேல் தவறென்றால் மறுபடி நடத்துங்கள். சரியும் தவறும் கலந்து வந்தால் நீங்கள் விளக்க வேண்டாம். வேறு வேறு விடை எழுதிய இருவரை இரண்டு நிமிடம் பேச விட்டு, மறுபடி எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: ராத்திரி உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிறேன். மார்க்கைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.
– ஓர் ஆசிரியர், பெரம்பூர்

மார்க்கை உங்கள் பதிவேட்டில் மட்டும் போட்டு ஒரு நாள் தள்ளிச் சொல்லுங்கள். மார்க்கும் நீங்கள் எழுதும் குறிப்பும் ஒன்றாக இருந்தால் குறிப்பின் பலன் போய்விடுகிறது என்று கல்வி ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ‘கவனம் தேவை’ என்று எழுதுவது மை விரயம். தவறு நடந்த வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். அது என்ன தவறு என்று பிள்ளையே கண்டுபிடித்துத் திருத்தட்டும். அதற்குப் பத்து நிமிடம் அந்த பீரியடிலேயே ஒதுக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பினால் நடக்காது. எல்லாக் கணக்கையும் திருத்தவும் வேண்டாம், முக்கியமான இரண்டு போதும்.

கேள்வி: சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பீரியட், பாதி வகுப்பு தூங்கி வழிகிறது!
– ஓர் ஆசிரியை, தண்டையார்பேட்டை

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் செயல்வழிக் கற்றல் (பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்கும் முறை) வந்தபோது, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் சுவரோரம் கரும்பலகை அமைத்தார்கள். உங்கள் அறையில் இருந்தால் அங்கே நிற்க வைத்து எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் நாலு சுவரிலும் கணக்கை ஒட்டி, இரண்டிரண்டு பேராகச் சுற்ற விடுங்கள். ஒரு சுவருக்கு மூன்று நிமிடம். எல்லோரும் ஒரே திசையில் நகரட்டும், இல்லாவிட்டால் வாசலோரம் நெரிசல்தான்.