கடை நஷ்டத்தில் மூடியாச்சு, வாடகை பாக்கி நிற்கிறது. என்ன செய்வது?

பழங்காநத்தத்தில் தையல் கடை, மாத வாடகை 12,000, ஐந்து மாத பாக்கி, அட்வான்ஸ் 40,000, ஓனர் போலீசுக்குப் போவேன் என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் வேலையாகச் சாவியை ஒப்படையுங்கள். பூட்டிக் கிடந்தாலும் வாடகை ஏறிக்கொண்டேதான் இருக்கும். மேல மாசி வீதியில் என் கடையை மூடியபோது, ஓனர் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு சாவியை இரண்டு மாதம் பீரோவிலேயே வைத்திருந்தேன். அந்த 2 மாத வாடகையும் என் தலையில்தான் விழுந்தது. கரண்ட் மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுங்கள்; 'சாவி பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

பாக்கி 60,000. அட்வான்ஸைக் கழித்தால் 20,000தான். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் கடைகளுக்கும் பொருந்தும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதி அட்வான்ஸைத் தர வேண்டும் என்கிறது அது. அதனால் கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

வாடகை பாக்கி சிவில் விவகாரம். அதற்காக மட்டும் கைது செய்ய முடியாது. ஆனால் தயவுசெய்து பயத்தில் செக் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அது பணமில்லாமல் திரும்பி, நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் கட்டாவிட்டால், செக் விவகாரங்களுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் கிரிமினல் வழக்கே வரும்.

தனிநபர் கடையென்றால் கடை போனாலும் கடன் உங்கள் பெயரில்தான். மாதம் 2,000 என்று தவணை பேசுங்கள், ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள். ஓனர் பிடிகொடுக்காவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். அவர்கள் நடத்தும் லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) கட்டணம் கிடையாது, அங்கே முடிந்த சமரசத்துக்கு மேல்முறையீடும் இல்லை.