வீட்டில் பாடுகிறவர்கள் வாங்கியதும் ஏமாந்ததும்: வாசகர் கேள்வி-பதில்

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்து, கணினியில் திருத்தி, மிக்ஸிங் (குரலையும் இசையையும் அளவாகக் கலப்பது) செய்கிறவர்கள் எதை வாங்கினீர்கள், எதில் ஏமாந்தீர்கள் என்று எழுதச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் சிலவற்றைச் சுருக்கித் தருகிறேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

எனக்கு 58 வயது. பஜனைப் பாட்டுகளைப் பதிவு செய்து வெளியூரில் இருக்கும் பேத்திக்கு அனுப்ப ஆசை. 'முழு ஸ்டூடியோ காம்போ' என்று இணையத்தில் போட்டிருந்ததைப் பார்த்து கண்டென்சர் மைக், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். லேப்டாப்பில் செருகினால் குரல் எங்கோ தூரத்தில் கேட்கிறது. கூடவே 'உஸ்' என்று இரைச்சல். கேட்டால், 'சாஃப்ட்வேரில் சரி செய்துகொள்ளுங்கள், ரிட்டர்ன் கிடையாது' என்கிறார்கள். (தஞ்சாவூர்)

அம்மா, உங்கள் மீது எந்தத் தப்பும் இல்லை. சாஃப்ட்வேரில் இது சரியாகவும் ஆகாது.

அந்த வகை மைக் ஒழுங்காக வேலை செய்ய 48 வோல்ட் மின்சாரம் வேண்டும். ஃபான்டம் பவர் என்பார்கள். ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியுடன் இணைக்கும் பெட்டி) அல்லது மிக்ஸரிலிருந்து மூன்று பின் உள்ள எக்ஸ்.எல்.ஆர். கேபிள் வழியாக அது மைக்குக்குப் போகும். லேப்டாப்பின் மைக் துளையில் கிடைப்பது சில வோல்ட்தான். அதில் மைக் உயிரோடு இருக்கும், ஆனால் குரல் மெலிந்து வரும். மெலிந்த குரலைக் கணினியில் தூக்கினால் இரைச்சலும் அதே அளவுக்குத் தூக்கிக்கொண்டு வரும். பாலில் தண்ணீர் கலந்த பிறகு எந்த வடிகட்டியில் ஊற்றினாலும் பால் தனியாக வராது.

இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு ஆற்றாமை வருகிறது. 2017இல் இதே மாதிரி ஒரு செட்டை 2,600 ரூபாய் கொடுத்து நானும் வாங்கினேன். கேபிளின் ஒரு முனையில் மூன்று பின், மறுமுனையில் ஹெட்போனுக்கு இருப்பது போன்ற ஒற்றைப் பின். அதைக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டியின் நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் படித்தேன். பொன்னிற எழுத்தில் 'ஸ்டூடியோ' என்று மூன்று இடத்தில் இருந்தது. 48 வோல்ட் வேண்டும் என்று ஓரிடத்தில்கூட இல்லை. அந்த ஒரு வரி அச்சாகியிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன், நீங்களும் வாங்கியிருக்க மாட்டீர்கள். அதனால்தான் அந்த வரி அங்கே இல்லை என்று நான் நம்புகிறேன். இப்படிப்பட்ட காம்போவை வாங்குகிறவர்கள் யார்? ஒலிப்பொறியாளர்களா? பாட்டில் ஆசை வைத்து, பென்ஷனிலிருந்தும் சீட்டுப் பணத்திலிருந்தும் எடுத்துக் கொடுக்கிறவர்கள். குரல் சரியாக வராதபோது அவர்கள் கடைக்காரரைச் சந்தேகப்படுவதில்லை, 'எனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியவில்லை' என்று தங்களையே நொந்துகொண்டு மைக்கைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். பணம் போனதைவிட எனக்கு இதுதான் வலிக்கிறது.

சரி, செய்ய வேண்டியது இது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. 'ரிட்டர்ன் கிடையாது' என்று அவர்கள் எழுதிக்கொள்வதால் இது மாறாது. அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள்.

அதுவரை போனிலேயே பாடுங்கள். பீரோ கதவைத் திறந்து, தொங்கும் புடவைகளைப் பார்த்து நின்று, போனை வாய்க்கு ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். பேத்திக்கு உங்கள் குரல் தெளிவாகவே போய்ச் சேரும்.

ப்ளூடூத் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடினால் தாளம் தப்புகிறது. இதைச் சரிசெய்ய எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்? (ஓசூர்)

ப்ளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாகத்தான் காதுக்கு வரும், அதை சாஃப்ட்வேர் சரிசெய்யாது. வயர் உள்ள ஹெட்போன் வாங்குங்கள்.

இரவு இரண்டு மணிக்கு 'இன்னும் 40 நிமிடம்தான்' என்று கடிகாரம் ஓடியது. 94 சதவீதத் தள்ளுபடி. 38 ப்ளக்-இன்கள் (ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் சேர்க்கும் துணை மென்பொருள்கள்) அடங்கிய பண்டிலை 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஆனாலும் என் வோகல் குளியலறையில் பாடியது போலத்தான் இருக்கிறது. இன்னும் எந்த ப்ளக்-இன் வேண்டும்? (கோயம்புத்தூர்)

தம்பி, 38ஐயும் வாங்கிவிட்டு 39ஆவதைக் கேட்கிறீர்கள். எந்த அறையில் பாடினீர்கள், ஜன்னல் எந்தப் பக்கம், மைக் எவ்வளவு தூரம் என்று உங்கள் நீண்ட கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் பாடினால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்தே மைக்கில் ஏறும். எதிரொலியைச் சேர்க்க நூறு ப்ளக்-இன் உண்டு. ஏறிவிட்ட எதிரொலியைப் பாட்டிலிருந்து சேதமில்லாமல் எடுப்பது விலை உயர்ந்த மென்பொருளுக்கே கஷ்டம்.

ஓடும் கடிகாரத்தைப் பொறுத்தவரை, இப்படிப் போலி அவசரம் காட்டுவதை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிப் பாருங்கள். லைசன்ஸை இயக்கிவிட்டீர்கள் என்றால் நம்பிக்கை குறைவு. இனிமேல் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தால் தூங்கப் போய்விடுங்கள். ப்ளக்-இன் தள்ளுபடி ஆடித் தள்ளுபடியைவிட அடிக்கடி வருவது.

ஒரு மெத்தையைச் சுவரில் சாய்த்து வையுங்கள். அதற்கு முதுகைக் காட்டி நின்று, மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பாடிப் பாருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். மென்பொருளின் ஒலி அளவுக் காட்டியில் உச்ச சத்தம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கட்டும், சிவப்புக்குப் போகவே கூடாது. பிறகு, ரெக்கார்டிங் மென்பொருளுடனேயே வந்த ஈக்யூவில் (கனத்த ஒலி, மெல்லிய ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டுங்கள். பெண் குரல் என்றால் 100 வரைகூடப் போகலாம். கம்ப்ரஸரில் (உரத்த இடங்களை அமுக்கும் கருவி) 3:1, உரத்த இடங்களில் 3 அல்லது 4 டெசிபல் அமுங்கினால் போதும். 'ச', 'ஸ' சீறினால் அந்தச் சீறலைக் குறைக்கும் டி-எஸ்ஸர். அவ்வளவுக்கும் நீங்கள் 11,000 கொடுத்திருக்க வேண்டியதில்லை.

சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்ச் வாங்கலாமா, முட்டை அட்டை போதுமா? (விருதுநகர்)

இரண்டும் வேண்டாம். முட்டை அட்டை வெறும் காகிதக் கூழ், ஒலியை விழுங்காது. ஒரு அங்குல ஸ்பாஞ்ச் 24 துண்டு வாங்கி நான் ஒட்டியிருக்கிறேன். குரலில் இருந்த பளபளப்பு போய்விட்டது, 'கும்' என்ற அதிர்வு அப்படியே நின்றது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர், அதை ஓர் அங்குலம் தடுக்காது. கழற்றும்போது பெயிண்டும் சேர்ந்து உரிந்து வந்தது, வீட்டுக்காரருக்கு வெள்ளையடிக்கப் பணம் கொடுத்தேன். தடித்த கம்பளி, ஜமுக்காளம், மெத்தை, துணி நிறைந்த பீரோ, இவை ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன.

கர்நாடக சங்கீதம் கற்றுக்கொடுக்கிறேன். என் மாணவி பாடியதை ஆட்டோட்யூனில் போட்டால் கமகமெல்லாம் அறுந்து, படிக்கட்டில் இறங்குவது போல ஆகிறது. மென்பொருள் கெட்டதா, எங்கள் பாட்டு கெட்டதா? (ஸ்ரீரங்கம்)

உங்கள் பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஆட்டோட்யூன் 1997இல் வந்தது. உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட் அதற்கு முன்பு எண்ணெய் தேடும் பணிக்காக நில அதிர்வு அலைகளை ஆராய்ந்தவர். அது செய்யும் வேலை, பாடிய சுரத்தைப் பக்கத்தில் இருக்கும் ஆர்மோனியக் கட்டைக்கு இழுத்து உட்கார வைப்பது. தோடி ராகத்தின் காந்தாரம் எந்தக் கட்டையிலும் உட்காராது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடுவதால்தான் அது தோடி. அந்த ஆட்டத்தை மென்பொருள் 'சுருதி விலகல்' என்று எண்ணிக்கொண்டு ஒவ்வொரு முறையும் பிடித்து நிறுத்துகிறது.

'ரீட்யூன் ஸ்பீட்' என்ற அளவைப் பூஜ்யத்திலிருந்து வெகுவாக நகர்த்தி மெதுவாக்குங்கள். பாடிய சுருதியையும் சரியாகக் கொடுங்கள். ஐந்தரைக் கட்டை என்றால் ஜி ஷார்ப். தம்புரா செயலியில் சுருதியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ வைத்திருந்தால் 440 ஹெர்ட்ஸ் கணக்கில் ஓடும் மென்பொருளுக்கு மொத்தப் பாட்டுமே விலகியதாகத் தெரியும். அதே அளவு அதிலும் நகர்த்த வேண்டும்.

காசு கொடுத்து வாங்குவதானால் நம் பாட்டுக்கு மெலடைன் என்ற சுருதி திருத்தும் மென்பொருள் பொருத்தம். அதில் ஒரு சுரத்தின் நடு நிலையைத் தனியாகவும், அதன் அசைவைத் தனியாகவும் தொடலாம். கமகத்தை விட்டுவிட்டு நிலையை மட்டும் நகர்த்தலாம். ஆனால் கவனியுங்கள், எசென்ஷியல் என்ற மலிவான பதிப்பில் அசைவைத் தனியாகத் தொடும் கருவிகள் கிடையாது. அதற்கு மேலுள்ள அசிஸ்டன்ட் பதிப்பில்தான் உண்டு. சோதனைப் பதிப்பை இறக்கி, உங்கள் மாணவியின் தோடியையே போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் எந்த ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் வாங்குவது? (சேலம்)

முதலில் ஒன்றும் வாங்காதீர்கள். ஆடாசிட்டி இலவசம். ஆப்பிள் கணினியோ ஐபோனோ இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். இவை போதவில்லை என்று கை சொல்லும்போது ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருள். 60 நாள் முழுமையாக ஓட்டிப் பார்க்கலாம், தனிநபர் லைசன்ஸ் 60 டாலர். மாதச் சந்தா இல்லை.

டெலிகிராமில் ஒருவர் பிரபல மென்பொருளுக்கு 'லைஃப்டைம் லைசன்ஸ்' 1,500 ரூபாய் என்றார். ஜிபேயில் அனுப்பினேன். வந்தது க்ராக், அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு. வைரஸ் தடுப்பை அணைக்கச் சொன்னார், அணைத்தேன். இப்போது என் மின்னஞ்சலுக்குள்ளேயே போக முடியவில்லை. (ஆவடி)

உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இதைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். வேறொரு சாதனத்திலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். அந்தக் கணினியை முழுவதும் அழித்து மறுபடி நிறுவுங்கள். உங்கள் பாட்டுக் கோப்புகளை மட்டும் நகலெடுங்கள், நிறுவும் கோப்பு எதையும் தொடாதீர்கள். ஏமாற்றியவன் குற்றவாளி, அதில் சந்தேகமில்லை. ஆனால் முகம் தெரியாத ஒருவர் சொன்னார் என்று வைரஸ் தடுப்பை அணைத்தது வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்தது போல.

வாய்வழியாகப் பேசி, ஒரு மிக்ஸிங் இன்ஜினியரிடம் மூன்று பாட்டுக்கு 12,000 ரூபாய் முன்கூட்டியே கொடுத்தேன். கல்யாணங்களில் பாடிப் பிழைக்கிறவள் நான். நான்கு மாதம் கழித்து ஒரே ஒரு பாட்டின் எம்பி3 மட்டும் வந்தது. என் குரல் டிராக்கைத் தனியாகக் கேட்டால் இன்னும் 5,000 வேண்டுமாம். (மதுரை)

சகோதரி, உங்கள் பணம் மேடையில் தொண்டை நோக நின்று சம்பாதித்தது. அதை விட்டுவிடாதீர்கள். தொழிலுக்காகக் கொடுத்ததால் நுகர்வோர் சட்டம் நமக்குப் பொருந்தாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்த வாங்குகிறவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு சட்டமே சொல்கிறது. பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸாப் உரையாடல், குரல் செய்திகள் எல்லாம் சாட்சி. 'இத்தனாம் தேதி இவ்வளவு கொடுத்தேன், மூன்று பாட்டு பேசினோம், ஒன்று மட்டும் வந்தது, 15 நாளில் மீதியைக் கொடுங்கள் அல்லது பணத்தைத் திருப்புங்கள்' என்று அவருக்கு எழுதுங்கள், ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். அப்புறம் 1915, அப்புறம் மாவட்ட ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அடுத்த முறை பாதிப் பணம் முன்னால், மீதி கோப்பு கைக்கு வந்த பிறகு. 24 பிட் வேவ் கோப்பு (எம்பி3 போலச் சுருக்காதது), குரல் இல்லாத டிராக், குரல் மட்டும் உள்ள டிராக், எத்தனை முறை திருத்தித் தருவார், இவை நான்கையும் வேலை தொடங்கும் முன்பே ஒரு வாட்ஸாப் செய்தியாக எழுதி 'சரி' என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் இலவசம் என்று ஒரு குரல் திருத்தும் செயலியில் கார்டைக் கொடுத்தேன். நான்காம் நாள் 4,999 ரூபாய் போய்விட்டது. (நாகர்கோவில்)

தானாகப் பணம் எடுக்கும் முன் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. குறுஞ்செய்திகளைத் தேடுங்கள். வரவே இல்லையென்றால் வங்கியிடம் புகார் கொடுங்கள். வந்திருந்தும் பார்க்கவில்லையென்றால் செயலிக் கடையிலேயே ரீஃபண்டு கேளுங்கள், தாமதிக்காதீர்கள். தானியங்கி அனுமதியை வங்கிச் செயலியில் இன்றே ரத்து செய்யுங்கள்.

ஷ்யூர் எஸ்எம்58 மைக் 1,900 ரூபாய்க்குக் கிடைத்தது. அசல்தானா? (திருப்பூர்)

அந்த விலைக்கு அசல் வராது. தராசில் வைத்துப் பாருங்கள், அசல் 298 கிராம்.

என் மனைவி போன வருடம் காலமாகிவிட்டார். அவர் பாடியது ஒன்றே ஒன்று, பழைய போனில் நான் எடுத்தது, இரண்டு நிமிடம். பின்னால் மின்விசிறிச் சத்தம் பலமாக இருக்கிறது. ஒரு கடையில் 6,000 ரூபாய் கேட்கிறார்கள், ஏஐ வைத்துச் சுத்தமாக எடுத்துவிடுவார்களாம். கொடுக்கலாமா? (காரைக்குடி)

ஐயா, பணத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தக் கோப்பை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். வாட்ஸாப்பில் ஆடியோவாக அனுப்பினால் தரம் குறையலாம், டாகுமென்ட் ஆக அனுப்புங்கள் அல்லது பென் டிரைவில் எடுங்கள். கடைக்குக் கொடுப்பதும் நகலாகத்தான் இருக்க வேண்டும்.

ஏஐ கருவிகளில் பல, பேச்சைச் சுத்தம் செய்வதற்காகச் செய்தவை. பாட்டில் நீட்டிப் பாடும் இடங்களை அவை இரைச்சல் என்று எண்ணி விழுங்கிவிடும், சில சமயம் குரலே வேறு ஆள் குரல் மாதிரி ஆகிவிடும். முதல் 20 நொடியை மட்டும் செய்து காட்டச் சொல்லுங்கள். அது அவர் குரலாகவே இருக்கிறதா என்று சொல்ல உங்களால்தான் முடியும்.

அதற்கு முன் வீட்டில் கணினி தெரிந்த பிள்ளைகள் யாராவது இருந்தால் ஆடாசிட்டியில் செய்து பார்க்கலாம், செலவில்லை. விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும் ஓரிரண்டு நொடியைத் தேர்ந்தெடுத்து, 'இதுதான் இரைச்சல்' என்று மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். பிறகு முழுப் பாட்டிலும் 6 டெசிபல் அளவுக்கு மட்டும் குறையுங்கள். சத்தம் முழுக்கப் போகாது, பின்னுக்குத் தள்ளிப் போகும், குரல் முன்னால் வரும். அதற்கு மேல் இழுத்தால் குரல் தண்ணீருக்குள் பாடுவது போல ஆகிவிடும்.

யாரிடம் கொடுத்தாலும் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: அவர் பாட ஆரம்பிக்கும் முன் விசிறி மட்டும் ஓடும் அந்தச் சில நொடிகளைத் தேவையில்லை என்று வெட்டிவிட வேண்டாம். மென்பொருள் கற்றுக்கொள்வது அந்த இடத்திலிருந்துதான்.