அச்சிட்ட படத்தில் டிஜிட்டல் வாட்டர்மார்க்: அசல் எது, நகல் எது?

கேள்வி: கூந்தன்குளத்தில் எடுத்த பறவைப் படங்களை 12-க்கு 18 அங்குல இங்க்ஜெட் பிரிண்டாக விற்கிறேன். ஒரு படத்துக்கு 25 பிரதிகள்தான். ஒவ்வொன்றிலும் எண் போட்டுத் தருகிறேன். யாரோ ஒரு பிரதியை ஸ்கேன் செய்து, பிரேம் போட்டுக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத டிஜிட்டல் வாட்டர்மார்க் போட்டால் அசலையும் நகலையும் பிரித்துக் காட்ட முடியுமா?
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: முடியும். ஆனால் வாட்டர்மார்க் மட்டும் போதாது. ‘இந்தப் படம் என்னுடையதா?’ என்பது ஒரு கேள்வி. ‘இந்தத் தாள் நான் அச்சிட்டதா?’ என்பது வேறு கேள்வி. அச்சையும் ஸ்கேனையும் தாங்கும் அளவுக்கு உறுதியான வாட்டர்மார்க், திருட்டு நகலிலும் அப்படியே போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் முதல் கேள்விக்கு அது நல்ல சாட்சி. இரண்டாவது கேள்விக்கு, நகல் எடுத்தால் அழிந்துபோகிற ஓர் அடையாளம் வேண்டும்.

முதலில் வாட்டர்மார்க், அதாவது படத்தின் பிக்சல்களுக்குள் ஒளித்து வைக்கும் தகவல். பிக்சலின் கடைசி பிட்டில் தகவலை ஒளிக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கும். அவை உங்களுக்கு உதவாது. படம் மைப்புள்ளிகளாக மாறும்போதே அந்தப் பிட்கள் போய்விடும். ஜேபெக்காகச் சேமித்தாலே பெரும்பாலும் தாங்காது. படத்தை அலைவரிசைகளாக (நுண்ணிய விவரம், நடுத்தர விவரம், பெரிய பரப்பு என்று) பிரித்து, நடு அலைவரிசையில் தகவலைப் பரப்பி வைக்கும் வகைதான் வேண்டும். மிக நுண்ணிய அலைவரிசையில் வைத்தால் மை பரவும்போது அழியும். மிகப் பெரியதில் வைத்தால் கண்ணில் படும். வண்ணத்தில் வைக்காமல் ஒளிர்வில் வையுங்கள்.

உங்கள் அளவுக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3600-க்கு 5400 பிக்சல் வரும். அதில் 512 பிக்சல் சதுரக் கட்டங்கள் 70 அடங்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே தகவலைத் திரும்பத் திரும்பப் பதியுங்கள். பாதியை வெட்டி விற்றாலும் மிச்சத்திலிருந்து படிக்கலாம். பெயர், முகவரி என்று நீளமாக ஏற்ற வேண்டாம். படத்தின் எண், பிரதியின் எண் இரண்டுக்கும் 32 பிட் தாராளம். தகவல் கூடக்கூட ஒவ்வொரு பிட்டின் பலமும் குறையும். 25 பிரதிக்கும் 25 தனிக் கோப்புகள் செய்யுங்கள். சோம்பல் பார்க்காமல் செய்ய வேண்டிய வேலை இது: கடையில் தொங்கும் நகல்கள் எல்லாவற்றிலும் 7 என்று வந்தால், ஏழாம் பிரதியிலிருந்துதான் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

வாட்டர்மார்க்கின் பலம் எவ்வளவு வைப்பது என்பதில்தான் பறவைப் படக்காரர்களுக்குச் சிக்கல். மஞ்சள்மூக்கு நாரையின் சிறகிலும், கூட்டுக் குச்சிகளிலும், கருவேலங்கிளைகளிலும் எவ்வளவு ஒளித்தாலும் தெரியாது. பின்னால் இருக்கும் வெளிர் வானத்தில் அதே பலம் ரவை தூவினதுபோல் தெரியும். வானத்தைத் தனியாகத் தேர்ந்து அங்கே பலத்தைப் பாதியாக்குங்கள். அசல் கோப்போடு ஒப்பிட்டால் பிஎஸ்என்ஆர் (படம் எவ்வளவு குறைவாக மாறியிருக்கிறது என்பதன் அளவு; எண் கூடினால் மாற்றம் குறைவு) 40 டெசிபெல் அளவில் இருக்கட்டும். ஒரு சிறு துண்டை அச்சிட்டு, வெயில் வெளிச்சத்தில் கையில் வைத்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

வரிசை மாறக் கூடாது. வண்ணத் திருத்தம், இறுதி அளவுக்கு மாற்றுதல், ஷார்ப்பன் எல்லாம் முடிந்தபின் கடைசியாக வாட்டர்மார்க். சேமிப்பது, தரம் குறையாத டிஃப் கோப்பாக. வெளியே லேபில் அச்சடித்தால் ‘ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம், அளவு மாற்ற வேண்டாம்’ என்று எழுதியே கொடுங்கள். பார்டர்லெஸ் என்று போட்டால் பிரிண்டர் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டும். கட்டங்கள் நகர்ந்து, படிக்கும் மென்பொருள் தடுமாறும்.

படிக்கும்போது ஸ்கேனரில் 600 டிபிஐ வைத்து, ஷார்ப்பனிங், வண்ண மீட்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஸ்கேனை நிமிர்த்தி, பழைய பிக்சல் அளவுக்கே கொண்டுவந்து படியுங்கள். ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலே சில மென்பொருள் கைவிரிக்கும். வாட்டர்மார்க் இல்லாத நூறு படங்களையும் அதே மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள். அவற்றில் ஒன்றிலாவது ‘இருக்கிறது’ என்று சொன்னால், அந்த அமைப்பை நம்பி யாரையும் குற்றம் சொல்லக் கூடாது.

இனி இரண்டாவது கேள்வி. தொழிற்சாலைகள் இதற்கு நகல்காட்டிக் கட்டம் ஒன்றை அச்சிடுகின்றன: பிரிண்டரின் எல்லைக்கே போகும் அளவு நுண்ணிய, தாறுமாறான கறுப்புவெள்ளைப் புள்ளிகள். ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்டால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து தகவல் குறையும். அந்த இழப்பை அளந்து நகலைக் கண்டுபிடிக்கிறார்கள். இதையும் முறியடிக்கக் கற்ற மென்பொருள்கள் வந்துவிட்டன. 25 பிரதி விற்கும் உங்களுக்கு அதைவிட எளிய வழி இருக்கிறது.

பிரிண்ட் ஒரு நாள் காய்ந்தபின், படமும் வெள்ளை ஓரமும் சேரும் கீழ்மூலையில், பாதி படத்திலும் பாதி ஓரத்திலுமாக, பிக்மென்ட் மைப் பேனாவால் கையெழுத்துப் போடுங்கள். அந்த இடத்தில் 2 செ.மீ. சதுரத்தை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து, பிரதி எண்ணோடு பதிவேட்டில் வையுங்கள். மை சொட்டு விழுந்த விதமும் பேனா ஓடிய விதமும் இன்னொரு தாளில் அச்சு அசலாக அமையாது. சந்தேகம் வந்தால் அதே மூலையை மறுபடி ஸ்கேன் செய்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கலாம். ஸ்கேனர்கூட இல்லாமல், நகை வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் போதும்: அசலில் பேனாக்கோடு ஒரே மையாக ஓடும், நகலில் அதே கோடு நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாக உடைந்து தெரியும்.

கையெழுத்தின்மேல் லேமினேஷன் வேண்டாம். கிளாஸி தாளைக் கண்ணாடியில் படும்படி பிரேம் போடவும் விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மைப்படலம் கண்ணாடியில் ஒட்டி, பிரிக்கும்போது உரிந்து வரும். அந்த இடத்தில் வாட்டர்மார்க்கும் போகும், மூலையும் போகும். நடுவில் மவுண்ட் போர்டு வைக்கச் சொல்லுங்கள். பிரிண்டின் பின்பக்கம் எதையாவது லேசர் பிரிண்டரில் அடிக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். ஆர்சி எனப்படும் போட்டோ தாளின் பிளாஸ்டிக் பூச்சு உருகி, பிரிண்டரின் சூடேற்றும் உருளையில் ஒட்டிவிடும்.

வழக்கு என்று போனால்: பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் சேர்ந்த 65பி பிரிவு, உரிமை பற்றிய தகவலைத் தெரிந்தே அனுமதியின்றி நீக்குபவருக்கு 2 ஆண்டு வரை சிறை விதிக்க வழி செய்கிறது. கேமராவின் ரா கோப்பை (கேமரா பதிந்த மூலக் கோப்பு) அழிக்காமல் வைத்து, அதன் எஸ்எச்ஏ-256 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண்) இன்றே குறித்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் அந்த மதிப்பைக் கேட்கிறார்கள்.

ஏற்கெனவே விற்ற பிரதிகளில் வாட்டர்மார்க்கை இனி ஏற்ற முடியாது. வாங்கியவர்களை அழைத்து, பிரேமிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றின் கீழ்மூலையையும் ஸ்கேன் செய்து பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள். மிச்சமுள்ள எண்களை மட்டும் புதிய முறையில் அச்சிடுங்கள்.