சிவப்பு ஜின்செங் கஷாயம்: கேளுங்க, சொல்றேன்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மூலிகை எக்ஸ்ட்ராக்ட் யூனிட்ல க்யூசி, அதாவது தரம் சோதிக்கற வேலை பாக்குறேன். தெரிஞ்சதை சொல்றேன்.

ஓசூர் தம்பி: அண்ணே, கம்பெனில கொரியா மேனேஜர் சிவப்பு ஜின்செங் வேரு ஒரு பாக்கெட் குடுத்தாரு. குக்கர்ல நாலு விசில் விட்டா சத்து முழுசா இறங்கிடுமா?

குக்கர் வேணாம் தம்பி. சிவப்புன்னாலே ஆவில அவிச்சு காயவெச்சதுதான், அந்த அவியல்லயே ஜின்செனோசைடுல (ஜின்செங்கோட முக்கிய சத்து, அதுல பல வகை இருக்கு) கொஞ்சம் உருமாறி ஆர்ஜி3, ஆர்கே1ங்கற வகையெல்லாம் வந்துடுது. குக்கர்ல 120 டிகிரி வரைக்கும் போனா ஆர்ஜி3 இன்னும் கூடும்தான், ஆனா ஆர்ஜி1, ஆர்இங்கற மத்த வகை உடைஞ்சு போகும், கஷாயமும் கருகின வாசம் அடிக்கும். 10 கிராமை மெல்லிசா சீவி, 300 மில்லி தண்ணில ரெண்டு மணி நேரம் ஊறவெச்சு, அதே தண்ணியோட எவர்சில்வர் பாத்திரத்துல மூடி போட்டு, தளதளன்னு கொதிக்க விடாம சிம்முல ரெண்டு மணி நேரம். வடிச்சுட்டு அதே சக்கையில 200 மில்லி ஊத்தி இன்னொரு மணி நேரம் வெச்சு ரெண்டையும் ஒண்ணா சேத்துடு. ஒரே தடவையா வெச்சு சுண்ட விடுறதைவிட ரெண்டு தடவை எடுக்கறதுதான் லாபம், நிறைய பேரு சக்கையை சும்மா தூக்கி போட்டுடுறாங்க.

தர்மபுரி, பி.ஃபார்ம் படிக்கிற பொண்ணு: ஆராய்ச்சி பேப்பர்ல எல்லாம் தண்ணிக்கு பதிலா 70% எத்தனால்ல (ஆல்கஹால்) எடுக்கறதா இருக்கே சார்?

ஆமாம்மா, ஜின்செனோசைடு அதுல நல்லா இறங்கும், வெறும் தண்ணில பாலிசாக்கரைடு (பெரிய சர்க்கரை மூலக்கூறு) அதிகமா வரும். அது லேப்ல செய்யற வேலை. வீட்ல கடை ஸ்பிரிட்டு, சானிடைசர்னு எதையும் தொடாதீங்க, அதுல விஷமான மெத்தனால் கலந்திருக்கலாம், அது என்ன பண்ணும்னு 2024ல கள்ளக்குறிச்சில பாத்தோமே.

பாலக்கோடு அக்கா: போர் தண்ணில வெக்கலாமா?

நல்லா கேட்டீங்க அக்கா, இதை யாருமே யோசிக்க மாட்டாங்க. நம்ம பக்கத்து போர்ல ஃப்ளோரைடு, பசங்க பல்லுல காவி விழுந்திருக்கறத பாத்தாலே தெரியும், ஒகேனக்கல் குடிநீர் திட்டம் போட்டதே அதுக்குத்தான். கொதிக்க வெச்சா ஃப்ளோரைடு போகாது, ஒரு லிட்டரை அரை லிட்டரா சுண்ட வெச்சா இருந்தது ரெண்டு மடங்கா கெட்டியாகும். ஒகேனக்கல் தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ எடுத்துக்கோங்க.

காரிமங்கலம்: குலுக்குனா சோப்பு மாதிரி நுரைக்குது, கலப்படமா?

கலப்படம்னு சொல்ல முடியாதுங்க, ஜின்செனோசைடு சபோனின்ங்கற வகை, சபோனின் நுரைக்கும், பூந்திக்கொட்டைலயும் சபோனின்தான் இருக்கு. ஆனா நுரை நிறைய வந்தா நல்ல சரக்குன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

பென்னாகரம் விவசாயி: நம்ம காட்டுல போடலாமா?

ஆகாதுங்க. குளிரும் நிழலும் வேணும், சிவப்பு ஜின்செங்குக்கு பெரும்பாலும் ஆறு வருஷ வேருதான் எடுப்பாங்க. நம்ம செம்மண்ணுக்கு அமுக்கரா போடுங்க, அதையும் இந்திய ஜின்செங்னு சொல்லி விக்கிறாங்க, ஆனா அதுல இருக்கறது விதனோலைடுங்கற வேற சத்து, ஜின்செனோசைடு கிடையாது.

ஊத்தங்கரை: அப்பாக்கு சுகர் இருக்கு, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் வேற போடுறாரு. குடுக்கலாமா?

டாக்டரை கேக்காம ஒரு ஸ்பூன் கூட குடுக்காதீங்க. வார்ஃபரின் வேலை செய்யறதை குறைக்கலாம், சுகர் மாத்திரையோட சேந்தா சுகர் ரொம்ப இறங்கவும் வாய்ப்பிருக்கு. பாக்கெட்டையும் கையோட எடுத்துட்டு போய் காட்டுங்க.